முட்டியோடு நின்ற கை!

"இருக்கிற சைக்கிளுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் மனைவி. குறைச்சல் சைக்கிளில் இல்லை; என் முதுகில்!

எனக்கு அமெரிக்காவில், கான்ஸாஸ் மாநிலத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அங்கே எம்போரியா என்று ஒரு சின்ன ஊர். 2006-ல் 34 பேர் அதைச் சுற்றியுள்ள சரளை ரோட்டில் 200 மைல் சைக்கிள் பந்தயத்துக்குக் கிளம்பினார்கள். இன்று அதற்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். சிக்கிமுக்கிக் கல் டயரைக் கத்தியாகக் கிழிக்கும் ரோடு அது! சனிக்கிழமை அங்கே முப்பது மைல் மிதித்தால், ஞாயிறு பூரா நான் குப்புறப் படுக்கை.

அளவுக்கு ஃபிரேம் செய்பவரிடம் போனேன். தையல்காரர் மாதிரி கால், கை, தோள் எல்லாம் டேப் வைத்து அளந்தார். கலர் கேட்பார் என்று பார்த்தால், "டயர் எவ்வளவு அகலம்?" என்றார்.

"அப்புறம் பார்த்துக்கலாமே?"

"முடியாது ஸார். டயருக்கு ரெண்டு பக்கமும் ஆறு மில்லிமீட்டராவது இடம் வேணும். இல்லேன்னா சேறு அடைச்சுக்கும். குழாயைப் பற்றவெச்ச பிறகு அகலப்படுத்த முடியாது."

45 மில்லிமீட்டர் என்றேன்.

"குனிஞ்சு தரையைத் தொடுங்க."

கை முட்டியோடு நின்றுவிட்டது! பந்தயக்காரன் மாதிரி தாழ்வாகக் கேட்டிருந்த ஹேண்டில்பாரைப் பேசாமல் உயர்த்தி வரைந்தார்.

"சைக்கிள் உங்க ஆசைக்கு இல்லை ஸார், உங்க உடம்புக்கு."

அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இப்போது குறைச்சல் பாங்க் கணக்கில். மனைவிக்கு இன்னும் தெரியாது!