குற்றப் பதிவைத் தேடும் வழிகள்

மதுரையில் வேலைக்குச் சேர்வோர், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்போர் ஆகியோரின் குற்றப் பின்னணி பெரும்பாலும் இரு வழிகளில் ஆராயப்படுகிறது. முதலாவதான காவல்துறைச் சரிபார்ப்பில், காவல் நிலையப் பதிவேடுகளும், நாடெங்கும் உள்ள நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் என்னும் கணினி வலையமைப்பின் தகவல்களும் ஒப்பிடப்படுகின்றன.

இரண்டாவது, நீதிமன்றப் பதிவுத் தேடல். இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கள் கொண்ட அடையாளம் உண்டு; அதன் முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், இறுதி நான்கு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். ஆனால், ஒரே பெயரும் முன்னெழுத்தும் பலருக்கு வாய்க்கும் ஊரில், தந்தை பெயரையும் முகவரியையும் ஒப்பிடாமல் முடிவுக்கு வருவது நிரபராதியின் பிழைப்பைக் கெடுத்துவிடும். முதல் தகவல் அறிக்கை என்பது குற்றச்சாட்டின் பதிவே அன்றித் தீர்ப்பன்று என்பதும் மறக்கத் தகாதது.

பதிவு தவறாகப் பயன்பட்டால் நேரும் கொடுமையை இம்மண் நன்கறியும். பிறப்பாலேயே ஒரு சமூகத்தாரைக் குற்றவாளிகளாகக் கருதி, கைரேகை பதிய வற்புறுத்திய குற்றப் பழங்குடிகள் சட்டத்தை எதிர்த்து, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று திரண்ட மக்கள்மீது காவலர்கள் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. தனிமனிதரின் செயலைப் பதிவது நீதிக்குத் துணை. பிறப்பைப் பதிவது அநீதி.