பூமத்திய ரேகையில் ஸ்வெட்டர்

ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் முதுகுப்பையோடு போய் இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது ஸ்வெட்டரை. பூமத்திய ரேகை அந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. புழுங்கித் தள்ளும் என்று நினைத்துப் போனால், ஆண்டு முழுவதும் கொடைக்கானல் குளிர்! காரணம், ஊர் இருக்கும் உயரம்: சுமார் 2,850 மீட்டர்.

இதே அதிசயத்தைப் போடிநாயக்கனூரில் மூணாறு பஸ் ஏறியும் அனுபவிக்கலாம். போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் வெயிலில் காய்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏறக் காது அடைக்கிறது. பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்புகிறது. ஏறத்தாழ 1,400 மீட்டரில் போடிமெட்டு வரும்போது சால்வை வேண்டியிருக்கிறது.

மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம், ஏன் குளிர்கிறது? குழந்தைகள் கேட்கும் இந்தக் கேள்வி மிக நல்ல கேள்வி. சூரியன் முதலில் சூடாக்குவது தரையை. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்பும். அங்கே அதை அமுக்கும் காற்றின் எடை குறைவு என்பதால் பாக்கெட்டைப் போலவே அதுவும் விரிகிறது. விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழித்துக் குளிர்ந்துவிடுகிறது. சராசரிக் கணக்கு, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமிருந்து மலையேறும்போதும் இதுதான் நடக்கிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. மேலேயே மழையாகக் கொட்டிவிட்டு, போடிப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. ஆடியில் மெட்டில் சாரலும் போடியில் வறண்ட காற்றும் இருப்பது இதனால்தான்.

அந்தச் சாரலும் மர நிழலும்தான் ஏலக்காயின் வீடு. செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். பூவைத் தேடுகிறவர் குனிய வேண்டும். தூரிலிருந்து கிளம்பும் சரம் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்க, அதில் வெள்ளைப் பூக்கள். நடு இதழில் ஊதா நிறக் கோடுகள், தேனீக்கு வழிகாட்ட. பூவின் ஆயுள் ஒரே நாள். அதற்குள் தேனீ வந்தால்தான் காய். சோலையை அழித்துத் தேனீயை விரட்டினால் விளைச்சலும் போய்விடும் என்பதைத் தோட்டக்காரர்கள் மறந்துவிடக் கூடாது.

பறித்த காயை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் உலர்த்தினால், சுமார் ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும். அதுதான் போடி ஏல மையத்துக்கு வருகிறது. உலகச் சந்தையில் அதற்குப் பெரும் போட்டி மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. இங்கிருந்து போன செடி, அங்கும் ஈரமான மலைச்சரிவில்தான் வேரூன்றியது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை மூணாறுக்குச் சுற்றுலா அழைத்துப்போகும்போது ஒரு வெப்பமானியை எடுத்துச் செல்லுங்கள். போடி பஸ் நிலையத்தில் ஒரு முறை, மெட்டில் ஒரு முறை, நிழலில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தைப் பிள்ளைகளே கணக்கிடட்டும்.