ஒன்பது பேர் சொன்ன தீர்ப்பு

என் பாட்டி எம்.கே. தியாகராஜ பாகவதரின் பரம ரசிகை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானபோது, திருவையாற்றில் பாட்டிக்குச் சோறு இறங்கவில்லையாம். அப்போது ஜூரி முறை. ஒன்பது பேர் கூடி முடிவு சொல்ல வேண்டும். "நல்ல சேதி வரணும் தாயே" என்று தினமும் அறம்வளர்த்த நாயகி சன்னதியில் நெய்விளக்கு ஏற்றினாராம். கலைவாணரின் மனைவி டி.ஏ. மதுரத்தை நினைத்தும் அழுவாராம்.

1945 மே மாதம் சேதி வந்தது. ஆறு பேர் 'குற்றவாளி' என்றார்கள். மூன்று பேர் 'இல்லை' என்றார்கள். ஆயுள் தண்டனை! "மூணு பேருக்கு மனசு ஒப்பலையே, அது போதாதாடி?" என்று கடைசிவரை கேட்பார் பாட்டி. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் இருவரும் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய புகழ் மட்டும் திரும்பவே இல்லை.

சென்ற மாதம் என் மோதிரத்தைக் காணவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைக் கேட்க வாயெடுத்தேன். பாட்டி ஞாபகம் வந்தது, பொறுத்துக் கொண்டேன். மறுநாள் அரிசிப் பானைக்குள் கிடந்தது மோதிரம்!

வீட்டுக்குள் நாமும் ஜூரிகள்தானே தோழிகளே, அவசரப்படலாமா?

- ஒரு வாசகி, திருவையாறு.