உயிரணுவுக்குள் ஓடும் கடிகாரம்: இரவு வேலை உடலை ஏன் வாட்டுகிறது?

தோட்டத்தில் பல்லாண்டுகள் பால்மரம் வெட்டியவர்களுக்கு விடியற்காலையில் கண் விழிக்க அலாரம் தேவைப்படுவதில்லை. இருட்டோடு எழுந்து பழகிய உடல், ஓய்வு பெற்ற பின்னரும் அதே நேரத்திற்கு எழுப்பிவிடுகிறது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் பாதுகாவல் பணியிலும் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். காலையில் வீடு திரும்பிப் படுத்தால் தூக்கம் எளிதில் வருவதில்லை. வந்தாலும் சில மணி நேரத்தில் கலைந்துவிடுகிறது. இதைச் சோம்பல் என்று வீட்டார் நினைப்பதுண்டு. உண்மையில் இதற்குக் காரணம், உயிரணுக்களுக்குள் நேரம் காட்டும் சில புரதங்கள்.

1971-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களை ஆராய்ந்தனர். சில ஈக்களுக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. சிலவற்றுக்கு 28 மணி நேரமாக நீண்டிருந்தது. வேறு சிலவற்றுக்கு நேர ஒழுங்கே இல்லை. மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்கள். அதற்குப் ‘பீரியட்’ என்று பெயரிட்டனர். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, அது வேலை செய்யும் விதத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை இருக்கும். தொட்டி நிறைந்தால் அது குழாயை அடைக்கும். தண்ணீர் குறைந்தால் திறந்துவிடும். உயிரணுவின் கடிகாரமும் ஏறக்குறைய அப்படித்தான். மனித உடலில் ‘கிளாக்’, ‘பிமால்1’ என்னும் இரண்டு புரதங்கள் சேர்ந்து, ‘பெர்’, ‘கிரை’ என்னும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. பெர், கிரை இரண்டும் பெருகியதும் உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, தங்களை உருவாக்கச் சொன்ன புரதங்களையே தடுத்துவிடுகின்றன. உற்பத்தி நிற்கிறது. இருக்கும் பெர், கிரை சிறிது சிறிதாக அழிந்ததும் தடை நீங்கி, சுற்று மீண்டும் தொடங்குகிறது.

இந்தச் சுற்று முடிய ஏன் ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது? ‘கேசின் கைனேஸ் 1’ என்னும் நொதி, பெர் புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஒட்டி அடையாளமிடுகிறது. எந்த இடத்தில் அடையாளம் விழுகிறது என்பதைப் பொறுத்து அந்தப் புரதம் நீடிக்கும், அல்லது விரைவில் அழிக்கப்படும். கடிகாரத்தின் வேகம் இங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. மாலை ஏழரை மணிக்கே தூக்கம் தாங்காமல், அதிகாலை நான்கரைக்கே விழித்துக்கொள்ளும் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒன்றில் பெர்2 புரதத்தின் இத்தகைய ஓரிடத்தில் மாற்றம் இருந்தது 2001-இல் தெரியவந்தது.

உடலின் கோடிக்கணக்கான கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு இசைத்து வைப்பது, மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு பகுதி. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டே அது நேரத்தைச் சரிசெய்கிறது. கல்லீரலின் கடிகாரமோ சாப்பாட்டு நேரத்தையும் கவனிக்கிறது. நள்ளிரவில் வயிறு நிறையச் சாப்பிட்டு, காலை வெயிலில் வீடு திரும்பும் தொழிலாளியின் உடலில் இரண்டும் வெவ்வேறு நேரம் காட்டுகின்றன. புரதங்கள் பெருகவும் அழியவும் காலம் தேவை என்பதால், ஷிப்ட் மாறிய அன்றே கடிகாரம் மாறிவிடாது, பல நாட்களாகும். நீண்ட கால இரவு வேலைக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் 2007-இல் வகைப்படுத்தியது.

இரவு வேலையை விட முடியாதவர்கள் பாதிப்பைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாறுவது, தலைகீழாக மாறுவதைவிட உடலுக்கு எளிது. பகலில் தூங்கும் அறையைத் தடித்த திரையால் இருட்டாக்கலாம். படுக்கையில் கைப்பேசியைத் தவிர்க்கலாம். நள்ளிரவுச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளலாம். கண் சொருகும்போது மோட்டார் சைக்கிளை எடுக்காமல், சற்று நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புவது உயிரைக் காக்கும். அவர் தூங்கும் நேரத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைப்பது, வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உதவி.