கத்தும் பிரேக்கில் ஆயில் விடாதீர்கள்

காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்து இறங்கும் வண்டிகள், சேந்தமங்கலம் பக்கம் இருக்கும் என் பட்டறையைத் தாண்டித்தான் நாமக்கல் போக வேண்டும். மிளகு மூட்டை ஏற்றிய மொபெட், வாழைத்தார் கட்டிய பழைய பைக், ஆகாய கங்கை அருவி பார்க்கப் போன இளைஞர்களின் புது வண்டி, ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தின் ஸ்கூட்டர் என எல்லாமே வாசலில் நிற்கும். சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

“அண்ணா, பிரேக் புடிச்சா கத்துதுங்க. கொஞ்சம் ஆயில் விட்டுக் குடுங்க.”

இதைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. செயின் கத்தினால் ஆயில் விடுகிறோம், கதவுக் கீல் கத்தினால் எண்ணெய் போடுகிறோம். அந்தப் பழக்கம்தான் இப்படிக் கேட்க வைக்கிறது. பிரேக் வேலை செய்வதே உராய்வினால். அங்கே ஆயில் பட்டால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

முதலில், பிரேக் ஏன் கத்துகிறது என்று பார்ப்போம். முன்சக்கரத்தில் டிஸ்க் இருந்தால், காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேட்கள் அதை இருபுறமும் கவ்வுகின்றன. டிரம் பிரேக்கில், உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. இந்த உரசல் சீராக நடந்தால் சத்தம் இல்லை. ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி என்று ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை அதிரும்போது ‘கீச்’ என்ற ஒலி எழுகிறது. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும் இதே மாதிரிதான்.

வண்டி வந்ததும் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. மூன்று கேள்விகள் கேட்பேன். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருகிறதா, சும்மா ஓடும்போதும் வருகிறதா? முன்னாலா, பின்னாலா? பிடித்த நேரத்தில் கையிலோ காலிலோ அதிர்வு தெரிகிறதா? பாதி நோய் இந்தப் பதில்களிலேயே பிடிபட்டுவிடும்.

முன்னாலா பின்னாலா என்பதில் பலரும் ஏமாறுவார்கள். சத்தம் சட்டத்தின் வழியாகப் பரவுவதால் பின்சக்கரத்தின் ஒலி முன்னால் கேட்பது போலத் தோன்றும். ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், முன் பிரேக்கை மட்டும் ஒருமுறை, பின் பிரேக்கை மட்டும் ஒருமுறை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுங்கள். டிஸ்க்கில் லேசான ‘சர்’ உரசல் கேட்டால் பயப்பட வேண்டாம். பேட் எப்போதும் டிஸ்க்கை ஒட்டியே இருக்கும்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம்

காலையில் வண்டியை எடுத்ததும் முதல் சில பிடிகளில் மட்டும் கத்தினால், அது இரவுப் பனியும் ஈரமும் செய்த வேலை. டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு தேய்ந்ததும் அடங்கிவிடும். மழைக்காலத்திலும் இப்படித்தான்.

நாள் முழுக்க ‘கீச்’ என்று கத்தினால், பேட்டின் மேற்பரப்பு வழவழப்பாகிவிட்டதா, பேட்டின் பின்தகடு தளர்ந்திருக்கிறதா, காலிப்பர் நகரும் பின்கள் காய்ந்து இறுகிவிட்டனவா என்று பார்ப்பேன். அந்தப் பின்கள் இறுகினால் ஒரு பேட் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும். மற்றது புதிதாகவே இருக்கும். டிரம் பிரேக்கில் வேறு கதை. தேய்ந்த தூள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். கழற்றித் துடைத்தாலே பல வண்டிகள் அமைதியாகிவிடும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைப்பதே முறை.

‘கரகர’ என்று இரும்போடு இரும்பு அரைக்கும் ஒலி வந்தால் அந்த வண்டியை நான் ஓட்டிச் செல்ல விடமாட்டேன். பேட்டில் உராயும் பகுதி முழுக்கத் தேய்ந்து, அதைத் தாங்கும் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது என்று அர்த்தம். பேட் மாற்றும் செலவோடு போக வேண்டியது, டிஸ்க்கும் சேர்ந்து பல மடங்காகிவிடும். டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்ற அளவு அதன் மேலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். டிரம் பிரேக்கில் வெளிப்பக்கம் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பெடலை முழுக்க மிதிக்கும்போது அம்பு அங்குள்ள கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது.

பிரேக் பிடித்ததும் ‘டக்’ என்று ஒரே ஒரு அடி விழுந்தால் பிரேக்கை மட்டும் சந்தேகிக்காதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில்பாருக்குக் கீழே ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கிறது. காலிப்பர் போல்ட்டும் தளர்ந்திருக்கலாம். பின்னால் டிரம் தட்டு சுழலாதபடி பிடித்து நிறுத்தும் கம்பியின் போல்ட் தளர்ந்தாலும் இதே ஒலிதான். அது கழன்றால் சக்கரமே சிக்கிக்கொள்ளும். உடனே முடுக்க வேண்டிய இடம் அது.

வேகம் கூடக்கூட உறுமல் கூடி, பிரேக் பிடித்தாலும் விட்டாலும் மாறாமல் இருந்தால் அது வீல் பேரிங். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரிந்துவிடும். லீவர் சீராக அதிர்ந்து கையைத் தள்ளினால் டிஸ்க் கோணியிருக்கிறது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அவசரமாகப் பிடிக்கும்போது மட்டும் ‘கடகட’வென்று அதிர்ந்தால் அது பழுது இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலை நடக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம் என்பதால், இந்த அதிர்வை முதன்முறை உணர்ந்து பயந்துபோய் வருகிறவர்கள் நிறைய.

மலை இறங்கும்போது

என் பட்டறைக்கு வரும் பேட்களில் நான் அதிகம் பார்ப்பது கண்ணாடி போல் பளபளப்பவை. பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். 70 வளைவுக்கும் பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடேறி மேற்பரப்பு கருகி இறுகிவிடுகிறது. பிறகு கத்தும், பிடிப்பும் குறையும். கருகல் லேசாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆழமாக இருந்தால் மாற்றுவதே வழி.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே பாதி பிரேக் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஸ்கூட்டரில் எஞ்சின் அவ்வளவாகக் கைகொடுக்காது. நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

சத்தமே போடாத ஆபத்து ஒன்றும் உண்டு. டிஸ்க் பிரேக்கில் விசையைக் கடத்தும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட்டால், லீவர் கைப்பிடி வரை சும்மா வந்துவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டப்பாவில் அளவு குறைந்திருந்தால், ஊற்றுவதற்கு முன் பேட்டைப் பாருங்கள். பேட் தேயத் தேய அளவும் இறங்கும்.

தண்ணீர் அடிக்கும் இடத்தில்

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பளபளப்புக்காக டீசலோ பாலிஷோ வண்டி முழுக்க அடிப்பார்கள். டிஸ்க் பக்கம் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போதும் பின் டிஸ்க்கை ஒரு துணியால் மூடுங்கள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் கிளீனரால் துடைக்கலாம். பேட் எண்ணெய் குடித்துவிட்டால் பெட்ரோலில் கழுவினாலும் நெருப்பில் காட்டினாலும் நம்ப முடியாது. தூக்கிப்போட்டுப் புதியது போடுங்கள்.

புது பேட் போட்டதும், வண்டியை நகர்த்துமுன் லீவர் இறுகும் வரை பலமுறை அழுத்துங்கள். இல்லையென்றால் முதல் பிடியில் பிரேக்கே இருக்காது. முதல் நூறு, இருநூறு கிலோமீட்டர் மென்மையாகப் பிடித்து ஓட்டினால் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். அதுவரை சற்றே ஒலி வருவது இயல்பு.

உங்கள் மெக்கானிக்கிடம் போகும்போது “சத்தத்தை நிறுத்திக் கொடுங்க” என்று கேட்காதீர்கள். “எதனால வருதுன்னு கழற்றிக் காட்டுங்க” என்று கேளுங்கள். கழற்றிய பேட்டை உங்கள் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் பிரேக்கை ஒப்படைக்காதீர்கள்.