துபாய் போக நான்கு மணி நேரம், கடிகாரத்தில் இரண்டரை

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நாகர்கோவில்காரர்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான். சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கிருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர், பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். டெல்லிகூட அவ்வளவு தூரமில்லை, சுமார் 2,200தான்.

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் அங்கே இறங்கும்போது பகல் 12.30தான் ஆகியிருக்கும். திரும்பும்போது கணக்கு தலைகீழ். அங்கே இரவு 10 மணிக்கு ஏறினால், இங்கே இறங்குவது அதிகாலை 3.30.

பிள்ளைகளை அழைத்துவர தக்கலையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் கார் பிடித்துப் போகிறவர்கள் கவனியுங்கள்: டிக்கெட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படியே இருக்கும். நள்ளிரவு தாண்டினால் தேதியும் மாறிவிடும்.