விலாவினுள் நீர்: ஒலி காட்டும் வழி

பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் வாழும் நம்மவர், விலாவில் குத்தல் கண்டால் வாயுப் பிடிப்பு என்றெண்ணித் தைலம் தேய்ப்பது வழக்கம். நம் அண்டை வீட்டுப் பெரியவரும் அவ்வாறே ஒரு மாதம் கழித்தார். மாலைக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் மிகுந்த பின்னரே மருத்துவரிடம் சென்றார். நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் கோத்திருந்தது.

அவ்வுறை இரண்டு மெல்லிய படலங்களால் ஆனது. அவற்றினிடையே சில மில்லிலிட்டர் நீரே இயல்பாக இருக்கும். காசநோய், நிமோனியா, புற்றுநோய், இருதயத் தளர்ச்சி முதலியவற்றால் அது பெருகும்.

இதனை அறிய மருத்துவர் நெடுங்காலமாக ஒலியையே துணைகொண்டனர். 1761-இல் ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர், மார்பை விரலால் தட்டி நோயறியும் முறையை வெளியிட்டார். 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் ஸ்டெதாஸ்கோப்பை ஆக்கினார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் அவ்வழி வந்ததே. செவிக்கெட்டாத ஒலி உட்சென்று எதிரொலித்துத் திரையில் படமாகிறது. நீர் கருமையாகத் தோன்றுகிறது. நின்றெடுக்கும் எக்ஸ்ரேயில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால்தான் தெளிவாகத் தெரியும். ஸ்கேனோ அதில் பத்திலொரு பங்கையும் காட்டிவிடும். கதிர்வீச்சு இல்லை, நோயாளியின் கட்டிலருகிலேயே பார்க்கலாம்.

சிகிச்சையிலும் இதன் உதவி பெரிது. பெரியவருக்கு முதலில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் பாராமலே ஊசி குத்தினர். இருமுறை குத்தியும் நீர் வரவில்லை. வேறோரிடத்தில் ஸ்கேன் பார்த்தபோதுதான், மெல்லிய திரைகள் நீரைப் பல அறைகளாகப் பிரித்திருந்தது புலனாயிற்று. ஆழமான அறையைக் குறித்து நீரை எடுத்தனர். நுரையீரலையோ கல்லீரலையோ ஊசி துளைக்கும் அபாயமும் இதனால் குறைகிறது.

எனினும் ஒன்று நினைவிற் கொள்க: நீர் எங்கே, எவ்வளவு என்பதை ஸ்கேன் சொல்லும், ஏன் வந்தது என்பதை எடுத்த நீரின் சோதனையே பெரும்பாலும் சொல்லும். சீழாயின் குழாய் வைத்து வடிக்க வேண்டும். பெரியவருக்குக் காசநோய் என்று தெளிவாயிற்று. அரசினர் இலவசமாக அளிக்கும் மருந்தை ஆறு மாதம் உட்கொண்டு தேறினார்.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்குத் தாம்பரம் சானடோரியம் நிலையம் நன்கு தெரிந்த பெயர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கு காசநோய் மருத்துவமனையை நிறுவிய காலத்தில் தூய காற்றும் ஓய்வுமே பெருமருந்து. இன்றோ மருந்தும் கருவியும் உள்ளன. வடக்கே திருவனந்தபுரமும் தெற்கே நாகர்கோவிலும் இரயிலில் எட்டும் தொலைவே. 1956-இல் வகுத்த மாநில எல்லை நோய்க்கில்லை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமலோ காய்ச்சலோ நீடித்தால், விலாவில் வலி விடாதிருந்தால், தைலப் புட்டியை வைத்துவிட்டு டிக்கட் எடுங்கள்.